டேப்பில் கேட்ட தமிழ்

— தண்ணி குடிக்கத்தான் கூப்பிட்டனான், நஞ்சப்பன் அண்ணை. பெத்த பிள்ளையைத் தண்ணி குடிக்கக் கூப்பிடுறதும் டெக்சஸில குற்றமோ?

— குத்தம்னு யாருங்க சொன்னா, சிஸ்டர்? நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க. கூப்பிட்டது உங்க யோசனையா, இல்ல, கோச் சொல்லிக் கூப்பிட்டீங்களா?

— உதென்ன கேள்வி? ரெஃப்ரீயின்ர கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சேர்ட்டைப் போட்டால், சிநேகிதர் வீட்டிலயும் விசாரணைதானோ?

— ராணி, கொஞ்சம் பொறும். மனுசன் ஞாயிற்றுக்கிழமை காலமை ஆலனில இருந்து கார் ஓடி வந்திருக்கிறார். நஞ்சப்பன், முதல் இருங்கோ. தேத்தண்ணியைக் குடியுங்கோ. ராணி பொரிச்ச ரோல்ஸ் எடுங்கோ. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நேற்று முழுக்க நான் ஆஸ்பத்திரி டியூட்டி. பின்னேரம் மகன் போன் எடுத்து, "அப்பா, ஐ ஸ்கோர்ட் எ டச்டவுன்" எண்டான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

— வாசல்லயே கஜனப் பார்த்தனுங்க, டாக்டர். "ஏஞ்சாமி, தூங்கலையா"ன்னு கேட்டேன். "ஹாய் அங்கிள்"னு பல்லு பூராத் தெரியச் சிரிச்சான். அதப் பார்த்துட்டு உள்ள வரவே கால் வரலைங்க.

— அவனுக்கு என்ன?

— தோத்த டீம்காரங்க ராத்திரியே கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாங்க. ஏமாத்தி ஜெயிச்சுட்டாங்கன்னு. அவங்கள்ல ஒரு அப்பா, கேம்கார்டர்ல மேட்ச் பூரா எடுத்திருக்கறாரு. கஜன் ஓடறதுக்கு முன்னாடி டேப்ல தமிழ் கேக்குது. லீக்ல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். டேப்பக் கையில குடுத்து, "இதுல இருக்கற உங்க பாஷை எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதி, யார் பேசினாங்கன்னு பேரும் போட்டு, திங்கக்கிழமை காலைல ஃபேக்ஸ் பண்ணு"ன்னுட்டாங்க.

— எழுதினால் என்ன நடக்கும்?

— கோச் சொல்லிக் கூப்பிட்டதுன்னு ஆயிருச்சுன்னா, டச்டவுன் செல்லாதுங்க. நம்ம பசங்க தோத்த கணக்கு. அடுத்த சனிக்கிழமை ஃபைனலுக்கு அவங்க போவாங்க.

— அண்ணை, வெளியில சத்தம் கேக்குதோ? டிரைவ்வேயில பந்து எறியிறாங்கள். மூண்டு பொடியள். ரெண்டு சீசனா கஜன் பெஞ்சில இருந்தவன். உடுப்பு மட்டும்தான் ஊத்தைப்படாமல் வீட்டுக்கு வரும். அவனைத் தேடி ஒரு பொடியனும் இந்த வீட்டு மணியை அடிச்சதில்லை. இண்டைக்கு எட்டு மணிக்கே வந்து நிக்கிறாங்கள். அதைத்தான் நீங்கள் ஃபேக்ஸ் பண்ணி நிப்பாட்டப் போறியள்.

— நானாங்க நிறுத்தறேன்?

— பின்னை ஆர்? அந்த டேப்பில இருக்கிற தமிழ் இந்த ஊரில வேற ஆருக்கு விளங்கும்?

— சரி, ராணி, கத்தாதையும். நஞ்சப்பன், எனக்கு அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாது. பத்து வருஷமாப் பாக்கிறன், ஏன் விழுறாங்கள், ஏன் எழும்புறாங்கள் எண்டு இன்னும் பிடிபடேல்லை. புது நோயாளிக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ.

— இந்தத் தட்டுதான் மைதானம்னு வெச்சுக்கங்க. ரோல்ஸ்தான் பசங்க. நடுவுல எல்லாரும் கூடி நிக்கறாங்க, பந்து அங்க இருக்குது. இந்த ஒரு ரோல்ஸ் மட்டும் தட்டு ஓரத்துக்கு ஆடி அசைஞ்சு போகுது. இதுதான் கஜன். எதிராளிப் பசங்க என்ன நெனைப்பாங்க? இவன் வெளிய போறான், இவனுக்குப் பதிலா வேற பையன் வருவான்னு நெனைப்பாங்க. ஒருத்தனும் இவனக் கண்டுக்கல. ஆனா இவன் வெளிய போகல. கோட்டுக்கு ஒரு அடி உள்ளயே நின்னுட்டான். டக்குனு பந்த இவனுக்கு எறிஞ்சாங்க. புடிச்சான், ஓடிட்டான். நாப்பது கெஜம். பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல.

— அட, கெட்டிக்காரத்தனமெல்லோ! கிளித்தட்டு விளையாடேக்க நாங்கள் செய்யாததோ? இந்தப் பக்கம் போற மாதிரிக் காட்டி, அந்தப் பக்கம் பாயிறனாங்கள். அதைக் களவெண்டு ஒருத்தரும் சொன்னதில்லை.

— நான் கோபியில காலேஜ் கபடி டீமுங்க, டாக்டர். முழுக்க ஏமாத்துத்தான். காலை நீட்டறாப்புல நீட்டிக் கையால தொட்டுட்டு வந்துருவோம். ஓரத்துல சத்தமில்லாம நிக்கறதும் தப்பில்லீங்க. ரூல் புஸ்தகத்துலயே அனுமதி இருக்குது. ஆனா, வெளிய இருந்து ஒருத்தர் "வா, வா"ன்னு கூப்பிட, இவனும் ஆட்டத்த விட்டுப் போறாப்புல நடிச்சான்னா, அது வேறீங்க. பந்து எங்கன்னு ஏமாத்தலாம். யாரு ஆட்டத்துல இருக்கறா, யாரு இல்லைங்கறதுல ஏமாத்தக் கூடாது.

— ரெண்டும் ஏமாத்துத்தானே? உந்தக் கோட்டை ஆர் கீறினது?

— புஸ்தகத்துல கீறியிருக்குதுங்க.

— உங்கட புத்தகம்! சோதினைக்குப் படிக்கிற மாதிரி அதை ராவு பகலாப் பாடமாக்கினவர் எண்டு உங்கட மனுசி சாந்தாமணி சொல்லிச் சிரிச்சவ.

— சிரிக்கட்டுங்க, சிஸ்டர். எனக்குப் பந்து எறியவும் வராது, புடிக்கவும் வராது. ஆபீஸ்ல திங்கக்கிழமையானா எல்லாரும் ஃபுட்பால்தான் பேசுவாங்க, நான் காப்பி மெஷின்கிட்ட நின்னுட்டு சும்மா தலையாட்டுவேன். அப்புறமேட்டுக்குத்தான் புஸ்தகம் வாங்குனேன். பரீட்சை வெச்சாங்க, முதல் மார்க்கு. இன்னைக்கு என் விசிலுக்கு நூறு வெள்ளைக்காரன் நிக்கறான். அந்தச் சட்டையக் கழட்டச் சொல்லிட்டா, எனக்கு இந்த ஊர்ல வேற பேர் இல்லீங்க.

— உங்களையும் பிடிப்பினமோ?

— புடிப்பாங்களோ என்னமோ. நேத்து அந்த ஓரக் கோட்டப் பார்த்துக்கற லைன் ஜட்ஜ் நான்தானுங்களே.

— கேளுங்கோ, நஞ்சப்பன். எனக்கு ஒரு சந்தேகம். ராணி கூப்பிட்டது தமிழில. எதிர் டீமுக்குத் தமிழ் தெரியாது. விளங்காத சொல்லால ஒருத்தனை எப்பிடி ஏமாத்தேலும்? நீதிமன்றத்தில நிண்டால் நான் இதைத்தான் சொல்லுவன்.

— சொல்லு விளங்கலீங்க. ஆனா சிஸ்டர் கையில இத்தாம் பெரிய ஆரஞ்சு கலர் தண்ணி பாட்டில் இருந்துச்சு. அதத் தலைக்கு மேல தூக்கி ஆட்டுனாங்க. அது இங்கிலீஷ் பேசுச்சுங்களே.

— வெயிலுக்குப் போத்தல் கொண்டு போகாமல் என்னத்தைக் கொண்டு போறது?

— வெயிலா? அக்டோபர் கடைசிங்க, சிஸ்டர். எங்கூட்டுக்காரி மைதானத்துல சால்வையப் போர்த்திட்டு நடுங்கிட்டு உக்காந்திருந்தா.

— தேத்தண்ணி ஆறுது, அண்ணை. குடியுங்கோ.

— ராணி, கதையை மாத்தாதையும். நஞ்சப்பன், டேப் எங்கை?

— இந்தாங்க. சரியா அந்த எடத்துலதான் நிறுத்தி வெச்சிருக்கறேன்.

— வேண்டாம், இஞ்சாருங்கோ. போடாதேங்கோ.

— ஏன் வேண்டாம்? விசிஆருக்குள்ள போட்டாச்சு. பாப்பம். ஓ, இதுதான் மைதானம். உது கஜன், முப்பத்தியேழாம் நம்பர். அந்தா, போத்தல். "கஜன்! ராசா! தண்ணி குடிக்க வாங்கோ!" ராணியின்ர குரல்தான். இதில என்ன பிழை? தாய் பிள்ளையைக் கூப்பிடுறா.

— ரெண்டு செகண்டு ஓடட்டுங்க.

— "வாங்கோ, வாங்கோ... கோட்டுக்கு வெளியில மட்டும் வந்திடாதேங்கோ, ராசா!" என்னது? ராணி, தண்ணி குடிக்க வாங்கோ எண்டும் சொல்லுறீர், வராதேங்கோ எண்டும் சொல்லுறீர். அப்ப பிள்ளை எப்பிடித் தண்ணி குடிக்கிறது?

— ஆருக்கு விளங்கப் போகுது எண்டு நினைச்சிட்டன்.

— அப்ப கோச் சொன்னவனோ?

— மேட்ச் தொடங்க முன்னம் கோச் வந்து கேட்டவர். "மாம், கடைசி நேரத்தில நான் தொப்பியைக் கழட்டுவன். அப்ப உங்கட பாஷையில அவனைத் தண்ணிக்குக் கூப்பிடுங்கோ. பந்து அவனுக்குத்தான் வரும்" எண்டார். பந்து அவனுக்குத்தான் வரும் எண்டு சொன்னதுதான் எனக்குக் கேட்டது. மற்றதொண்டும் மண்டையில ஏறேல்லை.

— கூப்பிட்டதோட விட்டிருக்கலாமே, சிஸ்டர். வராதேன்னு எதுக்குங்க சொன்னீங்க?

— என்ர பிள்ளை சொல்வழி கேக்கிற பிள்ளை, அண்ணை. கூப்பிட்டால் வந்திடுவான்! தண்ணி குடிக்க வாங்கோ எண்டவுடன அவன் மெய்யாவே என்னைப் பாத்து ஒரு கால் எடுத்து வைச்சவன். கோட்டைத் தாண்டிடுவான் எண்ட பயத்திலதான் வாயில வந்திட்டுது.

— வெள்ளைக்காரப் பிள்ளையெண்டால் தாய் கூப்பிட்டாலும் வராது. கோச்சுக்கு அது தெரியேல்லை.

— நீங்கள் பகிடி விடாதேங்கோ. அண்ணை, நான் ஒண்டு கேக்கிறன். எண்பத்திமூண்டு யூலைக் கலவரத்தில, வெள்ளவத்தையில, நெத்திப் பொட்டை அழிச்சுப்போட்டு, சிங்களப் பத்திரிகை ஒண்டைக் கக்கத்தில வைச்சுக்கொண்டு ரோட்டால நடந்தனான். வயித்தில இவன். அந்தப் பத்திரிகையில ஒரு எழுத்தும் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆரெண்டு காட்டாமல் போய்த்தான் தப்பினனான். உங்கட புத்தகத்தில அது தந்திரமோ, களவோ?

— அது ஆட்டம் இல்லீங்களே, சிஸ்டர். அங்க எதிர்ல நின்னவங்க ரூல் இல்லாம நின்னாங்க. இங்க எதிர்ல நின்னது பன்னண்டு வயசுப் பசங்க. அதுல ஒரு பையன், சிஸ்டர் பாட்டிலத் தூக்குனதும் என்ன பண்ணுனான் தெரியுங்களா? கஜனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னான். அவனுக்குத் தாகம்னு நெனைச்சு.

— அதையும் பாத்தனியளோ?

— பார்த்தனுங்க.

— நஞ்சப்பன், நான் சுத்தி வளைக்காமல் கேக்கிறன். முதல் வரியை மட்டும் எழுதினால் என்ன? "மகனே, தண்ணி குடிக்க வா." மிச்சம் சனத்தின்ர சத்தத்தில விளங்கேல்லை. பொய்யில்லை, கொஞ்சம் குறைச்சு எழுதுறது. பொடியன் ஒரு கிழமை சந்தோஷமா இருப்பான். ஃபைனலில தோத்தாலும் பறவாயில்லை.

— அத யோசிக்காமயாங்க வந்தேன்? ராத்திரி பூரா அந்த ஒரு வரியத்தான் எழுதி எழுதிக் கிழிச்சேன்.

— அப்ப எழுதுங்கோவன்!

— வேண்டாம்.

— ராணி, நீர்தானே சொன்னீர், பொடியள் வந்து நிக்கிறாங்கள் எண்டு?

— சொன்னனான். காலமை அவங்கள் வர முன்னம், சீரியல் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவன், திடீரெண்டு, "அம்மா, டிட் வி சீட்?" எண்டு கேட்டான். நான், "இல்லை ராசா, அது கெட்டித்தனம்" எண்டனான். அவன் கரண்டியால பாலைக் கிண்டிக்கொண்டே இருந்தான். எனக்கு அப்பவே தெரியும். அண்ணை, என்ர சொல்லைப் பாதியா வெட்டாதேங்கோ. எழுதுறதெண்டால் வராதேங்கோ எண்டதையும் எழுதுங்கோ. கோச்சின்ர தொப்பியையும் எழுதுங்கோ. கஜனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்.

— நெசமாத்தான் சொல்றீங்களா, சிஸ்டர்?

— உந்தப் பொடியள் நாளைக்கு வராட்டி வராமல் போகட்டும். எழுதுங்கோ.

— எழுதித்தான் கொண்டு வந்திருக்கறனுங்க. நீங்க சொல்லாம அனுப்ப மனசு வரல. டாக்டர், நீங்க படிச்சுப் பாருங்க. இங்கிலீஷ் சரியா இருக்குதான்னு.

— தாருங்கோ. ம். முதலாம் வரி, தண்ணி குடிக்க வா. பேசினவர், ராஜராணி ஆனந்தராஜா. ரெண்டாம் வரி, கோட்டைக் கடந்து வராதே. பேசினவர், அதே ஆள். சரி. இதென்ன, மூண்டாவது வரியும் இருக்கு?

— டேப் இன்னும் ஓடிட்டு இருக்குதுங்க.

— ஓம், கஜன் பந்தைப் பிடிச்சிட்டான். இந்தா, ஆரோ கத்துறாங்கள். ஆம்பிளைக் குரல். கமராவுக்குக் கிட்ட. "ஓடு சாமி! ஓடு, ஓடு, ஓடு!" இதார்? நான் அங்கை இல்லையே.

— தமிழ் ஆம்பிளை வேற ஒருத்தரும் அங்கை வரேல்லை, இஞ்சாருங்கோ. எங்கட ஆக்கள் பிள்ளையளைச் சாமி எண்டும் சொல்லுறேல்லை.

— இந்த வரிக்குப் பக்கத்தில பேர் போடேல்லையே, நஞ்சப்பன்? வெறுமனே விட்டிருக்கு.

— அண்ணை, நீங்கள் அந்தக் கோட்டில எனக்குப் பத்தடியில நிண்டனியள். நான் சொன்னது ரெண்டும் உங்களுக்கு அப்பவே கேட்டிருக்கும். பிழை கண்டால் எறியிற மஞ்சள் கொடி இடுப்பில இருந்தது. ஏன் எறியேல்லை?

— அந்தப் பேனாவ இப்படிக் குடுங்க, டாக்டர். மூணாவது வரிக்கு என் பேர நானே எழுதிடறேன்.