கைராசி

எனக்கு வெள்ளென எழும் பழக்கம். அதனால் ஆய்வகத்தை நான்தான் திறப்பேன். என் மனைவி அரை மணி நேரம் கழித்து வருவாள். எழுத்தில் கேட்டீர்கள், எழுதுகிறேன்.

இருவருக்கும் வேர்களில்தான் வேலை. ஆக்சின் என்ற ஹார்மோன் கொஞ்சம் இருந்தால் வேர் வளரும், கூடினால் நின்றுவிடும். வேர் நுனியில் அந்த அளவைக் கூட்டுகிற மரபணுவை அவள் கண்டுபிடித்தாள். அதை முடக்கிய செடிகளில் வேர் இரண்டு மடங்கு நீண்டது. நான் பத்து வருடம் முட்டி மோதிய கேள்வி, அவளுக்கு எட்டு மாதம்.

"வீட்டுலயே வாத்தியாரை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடினியேப்பா" என்று எல்லார் முன்னாலும் தலைவர் என் தோளைத் தட்டினார். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

முடிவை உறுதி செய்ய அவள் மறுபடி புதிதாக விதைத்திருந்தாள். மறுநாள் காலை, அதில் முடக்கிய செடிகள் இருந்த தட்டுகளில் மட்டும் இரண்டிரண்டு சொட்டு ஆக்சின் விட்டேன். அந்த வேர்களும் மற்றவை போலக் குட்டையாக நின்றன. பதினான்கு மாதம் விட்டேன். காய்ச்சலில்கூடப் போனேன்.

அவள் விதையை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், ஒவ்வொரு வேரையும் திரும்பத் திரும்ப அளந்தாள். ஒரு நாள் தன் கைகளையே விரித்துப் பார்த்தாள்.

"என்னங்க, என் கையிலதான் ஏதாவது கோளாறா?"

"உனக்குக் கைராசி இல்லம்மா, அவ்வளவுதான். விடு."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அது ஆய்வகம் முழுக்கப் பரவிவிட்டது. "அவங்க தொட்டா முளைக்காது" என்று சிரித்தார்கள். விதைப் பொட்டலத்தை அவள் கையில் கொடுக்கக்கூட யோசித்தார்கள். அவள் வேலையை விட்டாள்.

இப்போது வேறொரு ஆய்வகத்தில் அதே மரபணுவை முடக்கி நீண்ட வேர்களைப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த விசாரணை. ஆமாம், செய்தது நான்தான். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள், இப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருக்கிறாள்.

போன மாதம் பால்கனித் தொட்டியில் ரோஜாக் குச்சி நட்டாள். "இதாவது வேர் விடுமாங்க?" என்று கேட்டாள். வேர் பிடிக்க ஆக்சின் கரைசலில் நனைத்து நடுவது வழக்கம். நானே கரைத்துக் கொடுத்தேன், கொஞ்சம் தாராளமாக. குச்சி கறுத்துவிட்டது. மறுபடியும் நம்பி அவள் ஏமாறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.