லீலாவதி சிஸ்டர் எல்லா வீட்டிலும் தேநீர் குடித்தது ஏன்?

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவ அலுவலர் ஐயா அவர்களே, தொழிற்சங்கப் பெரியோர்களே, மழையிலும் பந்தலூருக்கு வந்து கூடியிருக்கும் தோட்டத்துத் தாய்மார்களே, என்னுடன் பணியாற்றும் செவிலியர்களே! உங்கள் அனைவருக்கும் செவிலியர் உமாமகேஸ்வரியின் வணக்கம்.

கிராம சுகாதாரச் செவிலியர் லீலாவதி அம்மையார் நம்மை விட்டுப் போய்விட்டார். துக்கம் இருக்கிறது. ஆனாலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேச எனக்கு மனம் வரவில்லை. நிறைவாக வாழ்ந்தவர், நிறையச் சிரித்தவர் அவர்!

லயத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். செவிலியர் ஒரு வாசலில் நுழைந்தால் போதும், "அங்க யாருக்கு என்ன?" என்று பக்கத்து வாசல் கேட்கும். அம்மையார் என்ன செய்தார்? ஒரு வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோனால், அந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் போனார். எல்லா வீட்டிலும் தேநீர் குடித்தார்! "சிஸ்டர் டீ குடிக்கத்தான் வேலைக்கு வந்திருக்காங்களாட்டங்க" என்று மேஸ்திரி ஆறுக்குட்டி கேலி செய்வார். அதோ, தலையைக் குனிந்து சிரிக்கிறார் பாருங்கள்.

ஒருநாள் மாப்பிள்ளையின் தாயார் ஒருவர் சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டார். யார் என்று சொல்லமாட்டேன். நிச்சயம் செய்த பெண்ணுக்குக் காசநோய் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் கல்யாணமே அம்மையாரின் வாயில் நின்றது! நானும் அன்று அங்கே இருந்தேன். அந்தத் தாயார் கேட்டார்:

"ஏனுங்க சிஸ்டர், ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"இன்னைக்கு ஒரு ஊட்டுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா, நாளைக்கு நான் வாயத் தொறக்காத ஊட்டுல நோய் இருக்குதுன்னு ஆயிருமுங்க. புள்ளைகிட்டயே கேளுங்க. அது சொல்லட்டும்."

கேட்டார்கள். அந்தப் பெண் என்ன சொன்னாள்? எனக்குத் தெரியாது! அவள் கல்யாணத்தில் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன், அது தெரியும். கூடவே இருந்த எனக்குக்கூட அம்மையார் கடைசிவரை சொல்லவில்லை. அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது பெருமையாக இருக்கிறது.

அவருடைய கடைசி மாதங்களில் அவரைக் கவனித்துக்கொள்ளும் பேறு எனக்குக் கிடைத்தது. இன்று மண்டப வாசலில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டீர்கள்: "சிஸ்டருக்கு என்ன சீக்குங்க?" பாசத்தில்தான் கேட்டீர்கள். அவர் வழியில் நடப்போம் என்று இப்போது உறுதி எடுக்கப் போகிறோம், அல்லவா? செவிலியர்களே, எழுந்து நில்லுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

அம்மையாருக்கு என்ன நோய் என்பதை நான் சொல்லமாட்டேன்.