டெலிபோன் அக்காவின் உறவுக்காரர்கள்

என் பெயரும் விலாசமும் தனியே எழுதிக்கொள்ளப்பட்டன. வயது ஐம்பத்து நான்கு. ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடும் வேலை செய்கிறேன். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்புறத் தெருவில் மகளுடன் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். மகள் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இறந்துபோனவர் ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர். கோர்ட்டு வட்டாரத்தில் டெலிபோன் அக்கா என்று சொன்னால்தான் தெரியும். இரத்த உறவு இல்லாத என்னிடம் அவருடைய உடல் எப்படி ஒப்படைக்கப்பட்டது என்று விசாரித்ததில் நான் கூறுவதாவது:

என் கணவர் தண்ணீர் லாரி ஓட்டிவந்தார். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு ஒர்க்‌ஷாப் வாசலில் லாரியை நிறுத்தியது சம்பந்தமாக ஏற்பட்ட வாய்த்தகராறில், அங்கிருந்த மெக்கானிக் ஸ்பானரால் தலையில் அடித்ததில் இறந்துபோனார். அப்போது மகளுக்கு மூன்று வயது. அந்த மெக்கானிக் டெலிபோன் அக்காவின் உடன்பிறந்த தம்பி. இந்த இடத்தில், வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்த ஸ்டேஷன் ரைட்டர் ஐயா, பழைய கேசு எதற்கம்மா என்று கேட்டார். அது இல்லாமல் இது விளங்காது என்று சொன்னேன்.

வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட முதல் நாள் கோர்ட்டில் எங்கே உட்காருவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காலியாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, யாருக்காக வந்திருக்கிறாய் என்று கேட்டார். செத்தது என் வீட்டுக்காரர் என்றேன். அவர் பாட்டில் மூடியை வெகுநேரம் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "நான் அடிச்சவனோட அக்கா. நீ தெரியாம எங்க பக்கம் உக்காந்துட்ட. எந்திரிச்சுப் போறதுன்னா போ, நான் தப்பா நினைக்கமாட்டேன். ஆனா ஃபேன் இங்க மட்டும்தான் ஓடுது" என்றார். நான் மீதித் தண்ணீரை அவர் மேல் ஊற்றிவிட்டு வெளியே போனேன். அவர் ஈரத் துணியோடு கோர்ட்டு கலையும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் ஓட்டல் போனில் ஒரு பெண் குரல் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஜட்ஜ் லீவு. வேலையைக் கெடுத்துக்கிட்டு வராதே" என்று சொல்லி வைத்துவிடும். கேசு நடக்கும் என்றால், "சாப்பிட்டுட்டு வா, வெறும் வயித்துல அழுதா மயக்கம் வரும்" என்று சொல்லும். அது யாருடைய குரல் என்று தெரிந்த அன்று நான் வாயில் வந்தபடி ஏசினேன். ஏசி முடிக்கும்வரை லைனில் இருந்துவிட்டு, "சரி, பத்தரைக்கு வந்துரு" என்றார்.

அதன் பிறகு அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். தம்பி அந்த நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான் என்று சொல்லப்போகிறார் என்றுதான், அவர்களுடைய வக்கீல் உட்பட எல்லோரும் நினைத்தோம். தம்பி ஸ்பானரைக் குழாயடியில் வைத்துக் கழுவியதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவர் சொன்னார். தம்பியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். பிறகு இறங்கி வந்து, எங்கே உட்காருகிறோம் என்று தெரியாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவனுக்கு மழைக்காலத்துல மூச்சு இழுக்கும். உள்ள கம்பளி குடுப்பாங்களா, உனக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். கேட்பதற்கு அவருக்கு அங்கே வேறு ஆள் இல்லை.  நான் எழுந்து போகவில்லை.

தம்பிக்குத் தண்டனையானதும் அவர் கோர்ட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஒருநாள் போன் செய்து, "இன்னொரு பொண்ணு தனியா வருது, புருஷனைப் பறிகொடுத்தது. நான் பேசினா அதட்டுற மாதிரி இருக்கும். நீ கூட வா" என்றார். அன்று போனவள்தான், பிறகு வார விடுப்பெல்லாம் அவரோடு கோர்ட்டு வராந்தாவில்தான். புதிதாக வரும் குடும்பத்துக்கு அவர் முதலில் காட்டுவது கழிப்பறையைத்தான். "அழணும்னா இங்க வந்துரு, தாழ்ப்பாள் நல்லா இருக்கு" என்பார். ஒரு தடவை வக்கீல் ஒருவர் பிரேத போட்டோக்களைத் தாயார் கண்ணெதிரே விரித்தபோது அக்கா நடுவில் போய் நின்றுகொண்டார். "மறைக்காதீங்கம்மா" என்று வக்கீல் சத்தம் போட்டார். "மறைக்கத்தான் நிக்கிறேன்" என்றார்.

மகளைப் பறிகொடுத்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், அவரைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "உங்க வயசுக்கு நான் அக்காவா? நல்லா இருக்கு நியாயம்" என்று அக்கா கோபித்துக்கொள்வார். என் மகள் பெரியம்மா என்பாள். அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததும், சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியதும் அவர்தான். விவரம் தெரிந்த வயதில் மகள் ஒருநாள், "எங்க அப்பாவைக் கொன்னவருக்கு நீங்க ஏன் அக்காவா இருக்கீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.  "நான் முன்னாலயே பொறந்துட்டேன்டி, என்னை யாரு கேட்டாங்க?" என்றார். மகள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை தபால்காரருடைய வழக்கில் தீர்ப்பு. வராந்தாவில் காத்திருந்தபோது அக்கா என் தோளில் சாய்ந்தார். காத்திருக்கும்போது அப்படித் தூங்குவது அவருக்கு வழக்கம் என்பதால் நான் அசையாமல் இருந்தேன். வழக்கைக் கூப்பிட்டதும் எழுப்பினேன், எழவில்லை. தபால்காரர் தீர்ப்புக் கேட்க உள்ளே போகாமல் அவருடைய உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த விஷயம் எங்களுக்கு ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் தெரியவந்தது. டாக்டர் மாரடைப்பு என்றார். இதில் எனக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை.

அதன் பிறகு பிணவறை வாசலில் பல குடும்பத்தார் கூடிவிட்டார்கள். இறந்தவருக்கு நீங்கள் என்ன முறை என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதற்கு, ஒருத்தி தங்கை என்றாள், ஒருவர் மகன் மாதிரி என்றார், தபால்காரர் தம்பி என்றார். "மாதிரி எல்லாம் எழுத முடியாதும்மா. கூடப்பிறந்தவங்க யாராவது வந்து கையெழுத்துப் போட்டாத்தான் குடுக்க முடியும்" என்று இன்ஸ்பெக்டர் ஐயா பக்குவமாகவே சொன்னார்.

அதன் பிறகு நான் அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். தண்டனை முடிந்து வந்து நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். சாட்சி சொன்ன நாளிலிருந்து அக்காவோடு அவர் பேசியதில்லை. தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"என்னை உள்ள அனுப்பினதே அவதான். நான் வரலை" என்றார்.

"உங்களை யாரு அனுப்பினாங்கன்னு நாம ரெண்டு பேரும் பேச வேண்டாம். கூண்டுலேர்ந்து எறங்கி வந்து என்கிட்ட என்ன கேட்டாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போறேன்" என்று சொல்லி, கம்பளியைப் பற்றிக் கேட்டதைச் சொன்னேன்.

"உங்ககிட்டயா கேட்டா?"

"என்கிட்டதான்."

"அவளுக்கு அறிவே கிடையாது" என்று சொல்லிவிட்டு, அந்தத் தொட்டியில் இருந்த அழுக்குத் தண்ணீரிலேயே முகத்தைக் கழுவினார். பிறகு, "அங்க எல்லாரும் இருப்பாங்களா?" என்று கேட்டார். இருப்பார்கள், நான் கூட வருகிறேன் என்று சொன்னேன். பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

பிணவறையில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உடம்பை இவங்ககிட்டயே குடுத்துருங்க. அவ யார் யாருக்கு என்ன செஞ்சான்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்று சொல்லி, அதையும் தன் கைப்பட எழுதிக்கொடுத்தார். அதன்பேரில்தான் உடல் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதன் பிறகு அவர் யாரையும் பார்க்காமல் வெளியே போகத் திரும்பினார். என் மகள் குறுக்கே போய் நின்றாள்.  

"பெரியம்மா நல்ல கனம். நாலு பேர் பத்தாது. கால் பக்கம் பிடிங்க" என்றாள்.

மாமா என்றோ வேறு முறை சொல்லியோ கூப்பிடவில்லை. அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பிடித்தார். மகள் தலைப்பக்கம் பிடித்திருந்தாள். வேன்வரை அவர் பின்னோக்கி நடக்க வேண்டியிருந்தது. "மெதுவா, பின்னால படி இருக்கு" என்று மகள் சொன்னாள். "சரிம்மா" என்றார். 

ரைட்டர் ஐயா எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. பார்த்ததையும் கேட்டதையும் தவிர வேறு எதையும் சேர்க்கவில்லை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)