சொளகில் பழகிய கிட்டார்

— "எஃப் உனக்காச்சும் விழுமா?"ன்னு அண்ணன் கேட்டுச்சுடி செல்வி. சார்ஜாவுக்குக் கெளம்புன அன்னைக்கு, ஏர்போர்ட்டு வாசல்ல. அம்மா ஒரு பக்கம் அழுவுது, அத்தா ஒரு பக்கம் துவா ஓதுறாக. அனீஸ் அண்ணன் எங்கிட்ட குனிஞ்சு இதத்தான் கேட்டுச்சு.

— அடியாத்தே! ஊருல அண்ணன்மாரு தங்கச்சிகிட்ட என்ன வாங்கியாரன்னு கேப்பாக. உங்கண்ணன் இதக் கேட்டாகளாக்கும். நீ என்ன சொன்ன?

— சும்மா தலைய ஆட்டுனேன்.

— ஆறு வருசம் ஆச்சேடி ஷஹீனா. விழுந்துச்சா?

— முக்காவாசி விழும். ரெண்டு கம்பி மட்டும் கொரகொரங்கும்.

— எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு. நான் மதுர ஜவுளிக்கடையில சேலை மடிக்கிறவ.

— எஃப்ங்கிறது ஒரு கார்டு. கிட்டாருல ஒரு பிடி. மத்த பிடியெல்லாம் ரெண்டு வெரல, மூணு வெரல ஆளுக்கொரு கம்பியில வச்சாப் போதும். இதுக்கு ஆள்காட்டி வெரலக் குறுக்கப் படுக்கப்போட்டு ஆறு கம்பியையும் ஒண்ணா அமுக்கணும். அமுக்கின வெரலு அசையக்கூடாது. அதே நேரத்துல மத்த மூணு வெரலும் ஆளுக்கொரு பக்கம் போகணும்.

— ஆறு பிள்ளையக் கட்டில்ல படுக்க வச்சு, ஒரே கையால அமுக்கிப் பிடிச்சுகிட்டு அடுப்பையும் பாக்குற மாதிரி.

— ஆமா, அதே. அண்ணனுக்கும் விழவேயில்ல. அதோட பாட்டு மூணாவது பிடியிலயே நின்னுபோச்சு.

— என்ன பாட்டு?

— அதுவாக் கட்டுனது. வார்த்தை கெடையாது. சாயங்காலம் மில்லு சங்கு ஊதும்ல, அந்தச் சத்தத்துக்குச் சுதி சேத்துத் தடிக்கம்பிய முறுக்கி வச்சுகிட்டுத்தான் தொடங்கும்.

— அய்யோ, அந்தச் சங்கு! அது ஊதுனதும் எங்கம்மா உலை வைக்கும். எங்கய்யா ஷிப்ட்டு முடிஞ்சு வந்துருவாருன்னு. இப்ப ஊதுறதே இல்லைல?

— ஊதுறதில்ல. நான் ஞாபகத்துல வச்சுத்தான் முறுக்குறேன்.

— சரி, இன்னைக்கு என்ன அவசரம்? பாளையம்பட்டி ஸ்டாப்புல எறங்கி இன்னும் வீட்டுக்குக்கூடப் போகல நானு. உடனே வான்னு பட்டன் போனுல கூப்புடுற.

— சாயங்காலம் ரபீக் மாமு காரியாபட்டியில இருந்து வாராக. மகனுக்குக் கிட்டார எடுத்துட்டுப் போக. அண்ணன்தான் குடுத்துருங்கன்னு சொல்லிருச்சு. அதுக்குள்ள ஒருக்கா, ஒரே ஒருக்கா, எஃப்பச் சுத்தமா வாசிச்சு அண்ணன் காதுல போட்டுறணும். அது கேட்டதுக்கு நான் இன்னும் பதிலே சொல்லல செல்வி.

— கேப்பாகளாடி? திரும்பி வந்து ரெண்டு மாசமாச்சு. அடிபட்ட கைய ஜோப்ப விட்டு வெளிய எடுக்கவே மாட்டேங்குறாக. எங்கம்மா எந்த வெரலு போச்சுன்னு கேட்டுச்சு. எனக்குச் சொல்லத் தெரியல.

— எடது கையில ஆள்காட்டியும் நடுவெரலும். பேக்கிங் மிசினு இழுத்துருச்சு. மத்த ரெண்டும் கட்டைவெரலும் நல்லாத்தான் இருக்கு. டீ கிளாஸ் பிடிக்குது, சட்டைப் பட்டன் போடுது. வந்த அன்னைக்குச் செவுத்துல கிட்டாரப் பாத்துச்சு. ஒறைய மாட்டி ஜிப்ப இழுத்துருச்சு.

— ம்.

— பேசவே மாட்டேங்குதுடி. முன்னாடியெல்லாம் என்னைய ஒரே கேலி. இப்ப பள்ளிவாசலுக்குப் போகுது, வருது, மொகட்டப் பாத்துப் படுத்துக்குது.

— எடு கிட்டார. அம்மா எங்க?

— மாவு மில்லுக்குப் போயிருக்கு. அண்ணன் அஸர் தொழுவப் போயிருக்கு.

— ஆமா, உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தா?

— யாருமில்ல. நான் பள்ளிக்கூடம் நின்ன வருசம். அண்ணன் நடுவீட்டுல கட்டில்ல உக்காந்து பழகும். நான் எதுத்தாப்ல அரிசி பொடச்சுகிட்டு இருப்பேன். சொளவ நெஞ்சோட நிமித்தி வச்சுகிட்டு, அது என்ன செய்யுதோ அதையே நானும் செய்வேன்.

— சொளவுலயா! அப்ப அரிசி?

— அத்தா சோத்துல கல்லக் கடிச்சுட்டு, "இவ என்னத்தப் பொடைக்கிறா"ன்னு கத்துவாக. அண்ணன் மட்டும் குனிஞ்சு சிரிக்கும். அது போனப்புறம்தான் கிட்டாரத் தொட்டேன். மத்தியானம் யாரும் இல்லாத நேரத்துல. வெரலு ஏன் இப்படிக் காச்சுக் கெடக்குன்னு அம்மா கேக்கும். பூண்டு உரிச்சேன்னுருவேன்.

— ஆறு வருசமா பூண்டு! ஊருக்கே ரசம் வைக்கலாம். இரு, எம் போன்ல எஃப்னு போட்டுப் பாப்போம். இந்தா, ஒரு புள்ள சொல்லிக் குடுக்குது. நீயும் பிடி... ஏடி, இங்க பாரு.

— என்ன?

— இந்தப் புள்ள எடது கையில அமுக்குது. நீ வலது கையில அமுக்குற.

— அது எடக்கைப் பழக்கமா இருக்கும்.

— அடுத்ததப் பாப்போம். இவனும் எடதுல. இந்தத் தாத்தாவும் எடதுல. இவுகளுக்கெல்லாம் தடிக்கம்பி மேல இருக்கு. உனக்குக் கீழ இருக்கு. ஷஹீனா... நீ கிட்டாரையே திருப்பிப் பிடிச்சிருக்கடி.

— அல்லா. எதுத்தாப்ல உக்காந்து பாத்தேன்ல.

— கண்ணாடி பாத்துத் தலை சீவுன மாதிரி.

— அவ்வளவுமா தப்பு?

— மாத்திப் பிடிச்சுப் பாரு.

— ...எடது கை மரக்கட்டையா இருக்கு. ஒண்ணுமே தெரியல அதுக்கு. ஒறைய எடு செல்வி. மாமு எடுத்துட்டுப் போகட்டும்.

— ஏன்?

— அண்ணன் முன்னாடி இப்படித் தலைகீழாப் பிடிச்சா, அதோட கையக் கேலி பண்ணுறேன்னு நெனைக்கும். ஏற்கனவே நொந்து கெடக்கு.

— இப்ப நீ வாசிக்கல, உங்கம்மாகிட்ட பூண்டுக் கதையச் சொல்லிருவேன். சத்தியமாச் சொல்லிருவேன்.

— வேணாம்டி.

— அப்ப பழையபடியே பிடி, உன் வலது கையிலயே. இந்தப் புள்ள என்னமோ சொல்லுது, கேளு. வெரலத் தட்டையா வைக்காதீங்க, லேசா ஒருக்களிச்சு வையுங்க, எலும்புப் பக்கம் கம்பியில படட்டும்ங்குது.

— ஒருக்களிச்சா? இப்படியா?

— இன்னும் கொஞ்சம். கட்டைவெரலக் கிட்டாரு முதுகுப் பக்கம் எறக்கு. ம், இப்ப தட்டு.

— கொரகொரங்குதே.

— ஒரு கம்பிதான். தோளை ஏன்டி காதுக்குத் தூக்குற? மூச்சு விடு. திரும்பத் தட்டு.

— ...

— ஏய்!

— செல்வி.

— ஏய், கொரகொர இல்லடி! இன்னொருக்கா!

— விழுந்துருச்சு. விழுந்துருச்சுடி!

— அடியாத்தே, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நிறுத்தாத. பாட்ட மொதல்ல இருந்து வாசி. சங்குல இருந்து.

— இது மொதப் பிடி... இது ரெண்டாவது... இந்தா, எஃப்...

— இதுக்கப்புறம் என்ன வரும்?

— தெரியாது. அண்ணன் இதுக்கு மேல போகவே இல்லையே.

— ஷஹீனா.

— என்ன?

— வாசல்ல பாரு.

— ...

— வாங்கண்ணே. தொழுதாச்சா? நான் செல்வி, சும்மா வந்தேன். எந்நேரம் வந்தீக? சத்தமே கேக்கல.

— அண்ணே... கேலி இல்லண்ணே. நான் எதுத்தாப்ல இருந்து பாத்தேன்ல, அதான் கை மாறிப்போச்சு. இன்னைக்குத்தான் எனக்கே தெரியும். நீ ஏர்போர்ட்டுல கேட்டேல்ல... அதான். இப்ப விழுதுண்ணே. சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்க.

— அவுக சிரிக்கலடி.

— ஒறையில போட்டுர்றேன்ணே. மாமு வந்துருவாக.

— வைக்காத. உன் கையத்தான பாக்குறாக. இன்னொருக்கா வாசி.

— பாரு... இது வலது ஆள்காட்டி, குறுக்க. கம்பியத் தட்ட எடது கட்டைவெரலு மட்டும்தான்ணே. வேற வெரலே தட்டுறதுக்கு வேணாம்.

— ஷஹீனா, ஜோப்புல இருந்து கைய எடுத்துட்டாக.

— ம்.

— கைய நீட்டிக் கேக்குறாகடி. குடு.

— இந்தாண்ணே. பாத்து, தோள்வாரு அந்து கெடக்கு.

...

— ஏம்மா ஷஹீனா! நான் மாவு அரைச்சுட்டு வர, ரபீக் மாமு வந்துருக்காக பாரு, தெருவுல வண்டிய நிறுத்துறாக. அந்தக் கிட்டார எடுத்தாம்மா. செல்வியா, எப்பம்மா வந்த?

— இப்பத்தாம்மா.

— என்னடி ரெண்டு பேரும் செல மாதிரி நிக்கிறீக? கிட்டார எங்க?

— அண்ணன் எடுத்துட்டு மாடிக்குப் போயிருச்சும்மா.

— அவனா? அவன்தான குடுத்துருங்கன்னான். மாமுகிட்ட நான் என்ன சொல்ல? என்ன சொல்லிட்டுப் போனான்?

— தடிக்கம்பியக் கீழ வச்சு, என்னைய மாதிரியே திருப்பிப் பிடிச்சுகிட்டுப் போயிருச்சு.