வாசலில் ஏழு நாக்குகள்

“வைத்தியம் தெரியாதுன்னு இப்ப வந்து சொல்றியேடா! வீட்டு வாசல்ல ஏழு பேரு உனக்கு நாக்கை நீட்டிக் காட்டக் காத்துக்கிட்டு இருக்காங்க!”

மலாயாவில் காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலத்தில் ஒரு நண்பகல், மலாக்காவிலிருந்து சுங்கை ஊடாங் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையிலிருந்து எழுந்த குரல் இது. பேசியவர் ஒரு தோட்டத் தொழிலாளி. அருகில், சிங்கப்பூரில் படிப்பு முடித்துத் திரும்பும் மகன்.

“டாக்டர்னு நான் சொன்னேனாப்பா? பௌதிகம் படிச்சேன். புற்றுநோய் ஆஸ்பத்திரியில வேலைன்னுதானே எழுதினேன்.”

“ஆஸ்பத்திரின்னா டாக்டர்தானே! தோட்டம் பூரா சொல்லிட்டேன். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இறங்குவேன்?”

“அங்க கட்டியக் கதிரால சுடுவாங்கப்பா. எவ்வளவு கதிர், எத்தனை நிமிஷம்னு நான்தான் கணக்குப் போட்டுத் தரணும். அதுக்கு லண்டன்ல ரெண்டு வருஷம் பயிற்சி இருக்கு.”

“அளவு தப்பினா?”

“குறைஞ்சா கட்டி கரையாது. கூடினா உடம்பு வெந்துரும்.”

தந்தை வாய்விட்டுச் சிரித்தார்.

“அரிசிய வீட்டுல வெக்கக் கூடாதுன்னு நடத்துற தோட்டத்துப் பொதுச் சமையல்ல நான் சோறு அளக்கிற மாதிரிதான்! குறைஞ்சா நம்மாளுங்க கரண்டியப் புடுங்குவாங்க. கூடினா, காட்டுக்காரனுக்குக் குடுத்தியான்னு போலீஸ் புடிக்கும்.”

பாயா ரும்புட்டில் உணவுப் பொருள் சோதனைக்காகப் பேருந்து நின்றது. ஏறிய தமிழ்க் காவலர் மகனின் கழுத்துப்பட்டையைக் கண்டு, “டாக்டரா?” என்று வினவினார்.

“டாக்டர் இல்லலா,” என்று தந்தை நிமிர்ந்து அமர்ந்தார். “டாக்டருக்கே அளந்து குடுக்கிறவன்!”

பேருந்து மீண்டும் புறப்பட்டதும் மகன் தாழ்ந்த குரலில் கேட்டார்: “அந்த ஏழு பேருக்கு என்னப்பா சொல்றது?”

“நான் போயிச் சோறு போடுறேன். நாக்கை உள்ள இழுத்துக்குவாங்க.”