பட்டாக்கத்தியில் வெட்டிய கேக்

குமணன்சாவடியில் பேருந்து ஏறிய ஒருவர், காவல் நிலையத்தில் நிரப்பித் தரச் சொன்ன படிவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்த நண்பரிடம் நீட்டினார். பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டியதற்காக படிவத்தை நீட்டியவரின் பதினேழு வயது மகனைப் போலீசார் பிடித்து வைத்திருந்தார்கள்.

“பையன எப்டி வளத்தன்னு கேட்டுகீறாங்க மாமே,” என்றார் நண்பர்.

“அடிச்சு வளத்தேன்னு எழுது. அப்பதான் ஒழுங்கான ஊடுன்னு அவன உடுவாங்க.”

“எத்தால அடிச்ச?”

“பெல்ட்டு, கரண்டி, ஒரு தபா டிவி வயரு.”

“கத்தி?”

“நான் இன்னா ரவுடியா?”

நண்பர் மூன்றையும் வரிசையாக எழுதினார்.

“பையன் பொறந்த தேதி?”

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். காட்டுப்பாக்கம் வந்துவிட்டது.

“சனிக்கெழம தான கேக்கு வெட்னான்? அந்தத் தேதியப் போடு.”