முந்திக்கொண்ட சகலை

இரவு இரண்டரை மணி. கடலோரச் சாலை. ஒரு விளக்குகூட எரியவில்லை. காற்றில் அழுகிய பாசி நாற்றம்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சத்தம் போட்டுச் சொல்கிற விஷயமில்லை இது. என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் புயல் எச்சரிக்கை சொல்கிற வேலை அவருக்கு. அவரும் மூத்த சகலையும் சேர்ந்துதான் போவார்கள். ஆனால் ஊர் அசைவது சகலையின் குரலுக்கு மட்டும்தான். சித்தப்பா தொண்டை கிழியக் கத்தினாலும், "பெரியவரு வந்து சொல்லட்டும், கிளம்பலாம்" என்பார்களாம். அதைக் கேட்டுக் கேட்டு இவருக்கு வயிறு எரிந்தது.

போன வருஷப் புயலில் சகலை மட்டும் இறங்கிக் கடைசித் தெருவுக்குள் போயிருந்தார்; சித்தப்பா வண்டியில் இருந்தார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து சித்தப்பாவுக்குப் போன்: "அலை தடுப்புச்சுவரைத் தாண்டுது. பெரியவரு போனை எடுக்கல, அவரை உடனே திரும்பச் சொல்லுங்க."

சித்தப்பா சொல்லவில்லை. கொஞ்சம் நனையட்டுமே... அவ்வளவுதான் நினைத்தாராம். பத்து நிமிஷம். சகலை திரும்பவே இல்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

இந்த வருஷப் புயலில், நான் சொன்ன அந்த இரண்டரை மணிக்கு, அதே வேலைக்குச் சித்தப்பா தனியாகப் போனார். முதல் தெருவில் மைக்கை எடுத்தார்... வீடெல்லாம் பூட்டிக் கிடந்தது. அடுத்த தெருவும் காலி. மூன்றாவதில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள்.

"இப்பத்தானே மைக்குல சொல்லிட்டுப் போனாங்க? நம்ம பெரியவரு குரல் மாதிரியே இருந்துச்சு!"

பயம் வரவில்லையாம். செத்தும் என்னை முந்திக்கிட்டாரே மனுஷன் என்று பொறாமைதான் பொங்கியதாம். வண்டியை முறுக்கினார். தூரத்தில் கர்ர்ர் என்று மைக் இரைச்சல்... தெருத்தெருவாகத் துரத்தினார். எங்கேயும் ஆளில்லை.

கடைசியில் சித்தப்பாவின் சொந்த வீடு. முழங்கால் ஆழத் தண்ணீர். கதவு திறந்திருந்தது. கட்டில்மேல் மனைவி, மடியில் துணிப்பையோடு.

"ஏன்டி இன்னும் கிளம்பல?"

"கிளம்பினேங்க. அக்கா வீட்டு அத்தான் வாசல்ல நின்னு தடுத்துட்டாரு. 'நீ இரும்மா, உன் புருஷன் வந்து கூப்பிடட்டும். இந்த ஒரு வீட்டையாவது அவனுக்கு விட்டுவைக்கிறேன்'னாரு."

வா என்று கூப்பிட வாயைத் திறந்தார் சித்தப்பா. சத்தம் வரவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்.

இவ்வளவையும் என் நண்பனுக்கு அவர் தாளில் எழுதித்தான் காட்டினார்... அன்று போன அவர் குரல் இன்றுவரை திரும்பவில்லை.